கதைச்சுருக்கம் கேட்காதீர்கள்: வாசிப்பு வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த சில ஆசிரியர்களின் வாசிப்பு வகுப்புகளைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. சுவரில் சார்ட், நட்சத்திர ஸ்டிக்கர், பெயர்ப்பட்டியல் எல்லாம் இருக்கிறது. கூடவே, எங்கள் தலைமுறை செய்து சலித்த அதே கூத்துகளும் வரிசை மாறாமல் இருக்கின்றன. நூலகப் பாடவேளையைக் கணக்குக்குத் தாரைவார்ப்பது, சத்தம் போட்டால் புத்தகத்தைப் பிடுங்குவது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. அவை தப்பு என்று செய்கிறவர்களுக்கே தெரியும். நல்லது என்று நம்பிச் செய்கிறோமே, அவற்றைத்தான் பேச வேண்டும்.

பீரோவுக்குள் நூலகம்

எந்த அரசுப் பள்ளிக்குப் போனாலும் அந்துருண்டை வாசனையோடு ஒரு பீரோ இருக்கும். உள்ளே, பள்ளிகளுக்குக் கதைப் புத்தகங்கள் கொடுத்த பழைய ‘புத்தகப் பூங்கொத்து’ திட்டத்தின் காலத்துப் புத்தகங்கள்கூட மடிப்புக் கலையாமல் கிடக்கும். காரணம் சோம்பேறித்தனம் அல்ல, பயம். புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது? சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே ‘புத்தகங்கள் பயன்பாட்டுக்கே’ என்பதுதான். ஒரு மூலை கிழிந்து, எண்ணெய்க் கறை பட்டுத் திரும்பி வரும் புத்தகம்தான் தன் வேலையைச் செய்த புத்தகம். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, துணி கிளிப்பில் அட்டை தெரியும்படி மாட்டிவிடுங்கள். முதுகு மட்டும் தெரிகிற அடுக்கிலிருந்து மூன்றாம் வகுப்புக் குழந்தை எதையும் எடுக்காது.

படித்ததும் சுருக்கம் எழுதச் சொல்வது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ‘கதையைப் படி, அரைப் பக்கத்துக்குச் சுருக்கம் எழுது, கடைசியில் நீதி எழுது.’ கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது!

போன வாரம் ஆறாம் வகுப்பு ஒன்றில் இருந்தேன். புத்தகங்களைப் பரப்பி வைத்ததும் ஒரு பையன் நேராக வந்து, “சார், சின்ன புக்கா ஒண்ணு குடுங்க சார்” என்றான். படம் பார்க்கவில்லை, தலைப்பு பார்க்கவில்லை. பெருவிரலால் கனத்தை அளந்து பார்த்தான். அவனுக்குப் பின்னால் நின்ற பெண், பின்னட்டையைத் திருப்பி அங்கே நாலு வரி அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நோட்டுகள் ஆசிரியர் மேஜைக்கு வந்தன. பின்னட்டை வரிகள் எழுத்துப் பிழையோடு அப்படியே இருந்தன. எல்லாக் கதைக்கும் நீதி ஒன்றே: ‘நாம் ஒற்றுமையாக இருக்க வேண்டும்.’ தொலைந்துபோன ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதைக்கும் அதேதான். அந்த இளம் ஆசிரியைக்கு அன்று ரொம்பத் திருப்தி.

இதில் நஷ்டம் எங்கே என்றால், வாசிப்பதும் எழுதுவதும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. தட்டுத்தடுமாறி ஒரு கதையைப் படித்து ரசிக்கிற பிள்ளைக்கு ற, ர இன்னும் தகராறாக இருக்கும். ஒற்று எங்கே மிகும் என்று தெரியாது. அவனுக்குப் புத்தகம் என்றால் அதன் வாலில் ஒரு சிவப்பு மை காத்திருக்கிறது. இரண்டு மூன்று முறை அந்த மையைப் பார்த்தபின் புத்தகம் எடுப்பதை நிறுத்திவிடுவான். வகுப்பில் யாருக்கும் அது தெரியாது. கேட்டால் “வீட்ல இருக்கு சார்” என்பான். எட்டாம் வகுப்பு வரும்போது, “இவனுக்குப் படிக்கிறதுலயே இஷ்டம் இல்ல” என்று நாமே சான்று கொடுப்போம். அந்த இஷ்டத்தைத் திரும்பக் கொண்டுவர வருஷக்கணக்கில் ஆகும். சில பிள்ளைகளிடம் வரவே வராது.

இதைக் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரே பதில் சொல்வார்கள்: “அதிகாரிங்க பார்வைக்கு வந்தா காட்ட ஏதாவது வேணுமே சார்.” நியாயம்தான். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பெயர், புத்தகம், எடுத்த தேதி, கொடுத்த தேதி. பிள்ளைகளே எழுதட்டும். யார் ஒரே புத்தகத்தை இரண்டாம் முறை எடுத்தார்கள், எது ஒரு பெஞ்சிலேயே கைமாறிச் சுற்றியது, யார் காலையில் எடுத்து மதியமே கொடுத்துவிடுகிறார்கள் என்பதெல்லாம் அதிலேயே தெரியும். நூறு சுருக்கங்களில் இது கிடைக்காது.

கேள்வி கேட்காமல் இருக்க முடியாதென்றால், விடை உங்களுக்கே தெரியாத கேள்வியாகக் கேளுங்கள். “இதை அடுத்து யாருக்குக் குடுக்கலாம்?” என்பது நான் வழக்கமாகக் கேட்பது. ஒருவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க அண்ணனுக்கு மட்டும் குடுக்க மாட்டேன் சார், முடிவ எல்லார்கிட்டயும் சொல்லிடுவான்” என்றான். அவன் கடைசிப் பக்கம் வரை போயிருக்கிறான் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

நட்சத்திரமும் பரிசும்

எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால் எண்ணிக்கைதான் வரும். அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1973-ல் வெளியானது. ஸ்கெட்ச் பேனாவில் தாங்களாகவே ஆசையாக வரையும் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு அதே பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. கொடுத்தே தீர வேண்டுமென்றால் சொல்லாமல் கொடுங்கள். இன்னொரு புத்தகமாகவே கொடுங்கள்.

ஆளுக்கொரு பத்தி

தன் முறை எப்போது வரும் என்று பத்திகளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை கதையைக் கேட்பதில்லை. நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

படிநிலையை வேலியாக்குவது

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்தன. பிள்ளைக்கு எது தோதுப்படும் என்று ஆசிரியர் கண்டுகொள்ள உதவும் நல்ல ஏற்பாடு. ஆனால் “நீ இன்னும் ‘நட’லதான் இருக்க, ‘ஓடு’ புக்க வை” என்று ஒரு வகுப்பில் என் காதால் கேட்டேன். யானைப் படத்துக்காக ஒருத்தி மேல்படிப் புத்தகத்தை எடுத்தால் எடுக்கட்டும். பத்து வார்த்தை புரிந்தாலும் புரிந்ததுதானே. அதேபோல, எட்டாவது படிக்கிறவன் ‘நுழை’யைப் புரட்டினால் சிரிக்கவும் கூடாது.

“இந்தக் கதையின் நீதி என்ன?”

வேண்டாம்.

படிக்காமலே கொடுப்பது

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வந்தால் கட்டைப் பிரித்து விநியோகித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு இதழையாவது முழுசாகப் படித்துவிட்டு, “அந்த எட்டாம் பக்கத்துல ஒரு கூத்து இருக்கு” என்று போகிற போக்கில் சொல்லிப் பாருங்கள்.

பயிற்சியைச் சான்றிதழோடு முடித்துக்கொள்வது

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம், இணையவழிப் பயிற்சி எதையும் குறை சொல்லவில்லை. வீடியோவை ஓடவிட்டுவிட்டு விடைத்தாள் திருத்துவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனபின் லண்டனுக்குப் படிக்கப் போனார். அங்கே வகுப்போடு நின்றுவிடாமல் நூலகம் நூலகமாக ஏறி இறங்கிப் பார்த்தார். நமக்கு லண்டன் வேண்டாம், பக்கத்து வகுப்பு போதும். ஒரு பாடவேளை போய் உட்காருங்கள். ஆசிரியரைப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு பிள்ளையைப் பாருங்கள்: எந்த இடத்தில் உதடு அசைகிறது, எந்தப் பக்கத்தில் திரும்பி முந்தைய பக்கத்துக்குப் போகிறது, எப்போது ஜன்னலைப் பார்க்கிறது. வெளியே வந்ததும் அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் அவரிடம் பேசுங்கள். அவர் பாடம் நடத்திய விதத்தைப் பற்றி வாய் திறந்தீர்களோ, அடுத்த முறை அந்த வகுப்பில் உங்களுக்கு நாற்காலி இருக்காது.