கோப்பி வறுக்க இரும்புத் தாச்சிதான்

மெல்லிய அலுமினியச் சட்டியில் வறுத்தால் கோப்பிக்கொட்டை வெளியே கருகும், உள்ளே பச்சை வாசம் நிற்கும். மட்டக்களப்பில் கனமான இரும்புத் தாச்சி ஒன்று வாங்கியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒட்டாத பூச்சுச் சட்டி வேண்டாம். சூடு மிஞ்சினால் பூச்சே புகைவிடும்.

ஒரே அடுக்காகப் பரவும் அளவு மட்டும் போட்டு, மர அகப்பையால் கைவிடாமல் கிளறுவேன். கொட்டை மஞ்சளாகி, மண்ணிறமாகி, சோளப்பொரிபோலப் படபடவென்று வெடிக்கும். அப்போது அதன் சூடு சுமார் 200 பாகை செல்சியஸ். வெடிப்பு அடங்கியதும் உடனே சுளகில் கொட்டிவிட வேண்டும். தாச்சியிலேயே விட்டால் இன்னும் கறுக்கும். முற்றத்தில் வாவிக்காற்று வரும் பக்கம் நின்று புடைத்தால் தோலும் பறக்கும், சூடும் ஆறும். (வீட்டுக்குள் புடைத்தால் கூட்டுகிற வேலை தனி.)

அரைப்பது மறுநாள்தான். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் காபனீரொட்சைட்டு வாயு வெளியேற அவ்வளவு நேரமாவது வேண்டும்.