அமெரிக்காவில் சின்ன ஜப்பான் கார் வாங்கப்போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எம்.எஸ். படிக்க ஒஹையோ வந்திருக்கும் தம்பி ஒருவனோடு கார் பார்க்கப் போனேன். கையில் 2,000 டாலர் முன்பணம், மனதில் ஒரு பழைய டொயோட்டா கொரோலா. டீலர் கடை ஆள் கேட்ட முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" தம்பி யோசிக்காமல் "340 டாலர்" என்றான். எனக்கு வயிறு கலங்கியது. 2011-ல் வந்த புதிதில் அதே கேள்விக்கு நானும் அப்படித்தான் சட்டென்று ஒரு எண்ணைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நண்பர்கள், தெரிந்தவர்கள் என்று பலருக்குக் கார் வாங்கக் கூடப் போயிருக்கிறேன். டயரைப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அமெரிக்கர்கள் இந்தக் கார்களை அழகுக்காக வாங்க ஆரம்பிக்கவில்லை. 1957-ல் டொயோட்டா கொண்டுவந்த டொயோபெட் கிரௌன், இங்குள்ள நெடுஞ்சாலை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோற்றது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றபோதுதான் சின்ன காரை ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது ஹோண்டா சிவிக் இந்தச் சந்தைக்குப் புதிது. 1975 மாடலில் வந்த அதன் சிவிசிசி என்ஜின், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமலே அரசின் புதிய புகை விதிகளுக்குள் அடங்கியது. அன்றிலிருந்து இந்தக் கார்களுக்கு இருக்கும் மவுசு மூன்று விஷயத்தில்தான்: விலை குறைவு, ஓட்டும் செலவு குறைவு, வருஷக்கணக்கில் உழைக்கும். இதில் ஒன்றைப் பறிகொடுத்தாலும் சின்ன கார் வாங்கிய பலன் போய்விடும்.

பெயரை மட்டும் நம்பி வாங்குவது

"ஜப்பான் கார்தானே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று நம் ஆட்கள் சொல்லாத நாளில்லை. எந்த மாடல், எந்த வருஷம் என்று பார்க்க வேண்டும். 2012-க்குப் பிறகு வந்த சில வருஷத்து நிசான் வெர்சா, சென்ட்ரா கார்களில் சிவிடி எனும் தானியங்கி கியர்பாக்ஸ் தகராறு அதிகமாகி, நிறுவனமே அதன் வாரண்டியை 84 மாதம் அல்லது 84,000 மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. இன்று விற்பனைக்கு வரும் அந்த வருஷத்துக் கார்களில் அந்தக் கெடுவும் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

சிவிக்கிலும் ஒரு விஷயம் உண்டு. 2005 வரையிலான சாதாரண சிவிக்கில் என்ஜினுக்குள் வால்வுகளை ஓட்டுவது டைமிங் பெல்ட். 2006 முதல் செயின். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஜப்பானிலேயே செய்த காராகத் தேடுவது

வேண்டாத வேலை. ஹோண்டா 1982-லிருந்தே இங்கே ஒஹையோவின் மேரிஸ்வில்லில் கார் செய்கிறது.

மாதத் தவணையைப் பேசுவது

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தம்பி 340 என்றதும் கடை ஆள் உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் ஒரு தாளோடு வந்தார். "உங்க பட்ஜெட்டைவிடக் குறைவாவே முடிச்சுட்டேன், மாசம் 332 டாலர்தான்" என்றார். தம்பி முகத்தில் சந்தோஷம். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் காரின் விலை 16,000 டாலர். முன்பணம் போக 14,000-க்குத்தான் கடன் இருக்க வேண்டும். தாளில் இருந்தது 17,000. எக்ஸ்டெண்டட் வாரண்டி, பெயிண்ட் புரொடெக்ஷன், டயருக்கு நைட்ரஜன் காற்று என்று 3,000 டாலர் சேர்ந்திருந்தது. வட்டி 12 சதவீதம், 72 மாதம். ஆக மொத்தம் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 23,900 டாலர்.

வெளியே வந்தோம். இங்கே வேலை பார்க்கும் அவனுடைய அக்காவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதில், கிரெடிட் யூனியன் எனும் கூட்டுறவு வங்கி ஒன்றில் 14,000 டாலருக்கு 7 சதவீத வட்டியில் 48 மாதக் கடன் கிடைத்தது. மாதத் தவணை 335 டாலர். மொத்தம் சுமார் 16,100. அதே கார். மாதத்துக்கு மூன்றே டாலர்தான் வித்தியாசம், ஆனால் கட்டி முடிக்கும்போது 7,800 டாலர் மிச்சம். கொரோலாவை இத்தனை மைல் ஓட்டி, சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் மிச்சம் பிடித்தாலும் இந்தப் பணத்தை எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று யோசியுங்கள்.

மாதத் தவணை என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால், விலை, வட்டி, காலம், கூடுதல் சமாச்சாரங்கள் என்று மற்ற எல்லாவற்றையும் அவர்கள் இஷ்டத்துக்கு நகர்த்தலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. டீலர் வழியாகக் கடன் எடுத்தால், வங்கி டீலருக்குச் சொல்லும் வட்டியும் டீலர் நமக்குச் சொல்லும் வட்டியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. நடுவில் இருப்பது அவருக்குப் போகும். அது சட்டப்படி சரியானதுதான். அதனால்தான் கடைக்குப் போகும் முன்பே வெளியில் ஒரு கடனுக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறேன். கையில் ஒரு வட்டி விகிதம் இருந்தால்தான் டீலர் சொல்வது அதிகமா குறைவா என்றே தெரியும்.

என் கதை இதே கதைதான். 2011-ல் நானும் 72 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது வருஷம் வேறு ஊரில் வேலை கிடைத்து, காரை விற்கப் பார்த்தேன். காருக்குக் கிடைக்கும் விலையைவிடக் கடன் பாக்கி 2,000 டாலர் அதிகம். விற்க முடியாமல் 2017 வரை கட்டினேன். கார் ஒரு நாளும் என்னை நடுரோட்டில் விட்டதில்லை. அந்தக் காருக்கு நான் செய்த அநியாயம் என்றே இதை நினைக்கிறேன். இரண்டு வருஷப் படிப்புக்கு வரும் பிள்ளைகள் ஆறு வருஷக் கடனில் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

கடையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எல்லாம் சேர்த்து அவுட் தி டோர் விலை எவ்வளவு? எழுதிக் கொடுங்கள்." தவணை பற்றிக் கேட்டால், "முதலில் விலை" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்" என்பார்கள். எழுந்து வந்துவிடுங்கள். தம்பி மூன்று நாள் கழித்துப் போனான், கார் அங்கேயேதான் நின்றது, விலையும் மாறவில்லை.

அப்புறம், மூன்று நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே சுற்றுகிறது. மூன்று நாள் அவகாசம் தரும் மத்திய அரசு விதி, டீலர் கடையில் வாங்கும் காருக்குப் பொருந்தாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், எக்ஸ்டெண்டட் வாரண்டியையாவது ரத்து செய்ய முடியுமா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலும் முடியும், மீதிக் காலத்துக்கான பணம் திரும்பி வரும்.

மைலேஜ் எண்ணைப் பார்த்து மயங்குவது

கேலனுக்கு 35 மைல் தரும் சாதாரண கொரோலாவா, 50 தரும் ஹைப்ரிடா? வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டினால் 343 கேலனுக்குப் பதில் 240 கேலன். கேலன் மூன்றரை டாலர் என்றால் வருஷத்துக்கு 360 டாலர் மிச்சம். ஹைப்ரிடுக்கு 3,000 டாலர் அதிகம் கேட்டால், அதை எடுக்கவே எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் 18 மைல் தரும் பழைய எஸ்யூவியை விட்டுச் சாதாரண கொரோலாவுக்கு வந்தாலே வருஷத்துக்கு 320 கேலனுக்கு மேல் மிச்சம். பெரிய லாபம் முதல் படியிலேயே கிடைத்துவிடுகிறது. புதுக் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்றும் போட்டிருக்கும். அதைப் பாருங்கள்.

ரீகால் பார்க்காமல் பழைய சிவிக் வாங்குவது

இது உயிர் சம்பந்தப்பட்டது. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரத்தில் இந்த நாட்டில் மட்டும், ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர்கள் சுமார் 6.7 கோடி ரீகாலில் திரும்பப் பெறப்பட்டன. வெடிக்கும்போது இரும்புத் துண்டுகள் சிதறி ஆட்களைக் கொன்றவை அவை. 2001 முதல் வந்த பழைய ஹோண்டாக்கள் நிறைய அந்தப் பட்டியலில் உண்டு. அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ-வின் தளத்தில் காரின் 17 எழுத்து அடையாள எண்ணை (விஐஎன்) போட்டால் தெரிந்துவிடும். மாற்றித் தருவது இலவசம். மாற்றும்வரை அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

புத்தம் புதிய குட்டிக் கார்தான் வேண்டும் என்று காத்திருப்பது

டொயோட்டா யாரிஸும் ஹோண்டா ஃபிட்டும் 2020-ஓடு இந்தச் சந்தையை விட்டுப் போய்விட்டன. ஃபிட் மேல் ஆசை இருந்தால் பழையதைத் தேடுங்கள். பின் சீட்டை மடித்தால் ஒரு சின்ன வீட்டையே காலி செய்து ஏற்றலாம்.

ரீபில்ட் டைட்டில்

பெரிய விபத்தில் சிக்கி, காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட பிறகு சரிசெய்த கார் என்று அர்த்தம். வேண்டாம்.

அடியில் குனிந்து பார்க்காதது

பனிக்காலத்தில் உப்புப் போடும் மாநிலங்களில் என்ஜின் கெடுவதற்கு முன்பே அடித்தகடு துருப்பிடித்துப் போய்விடும். மெக்கானிக்கிடம் கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.

ஒரே சாவியோடு வீட்டுக்கு வருவது

இரண்டாவது சாவியைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். இல்லை என்றால் அதன் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.