மருத்துவரிடம் நான் மறைத்த குடி

முழங்கையிலும் முழங்காலிலும் சோரியாசிஸ் என்ற தோல் நோய். காலையில் படுக்கை விரிப்பை உதறினால் வெள்ளைச் செதில் தவிடுபோல் கொட்டும். வாரம் ஒரு முறை சாப்பிட மெத்தோட்ரெக்சேட் எழுதித் தந்தார் மருத்துவர். குடிப்பதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் ஏறியிருந்தது, மாத்திரை நின்றது. இந்த மருந்தும் மதுவும் ஒரே கல்லீரலைத்தான் பதம் பார்க்கின்றன என்று அன்றுதான் புரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், குடியை அடியோடு விட்டேன்.

சிகரெட்டை விடுவதுதான் படாத பாடு படுத்தியது. புகை உள்ளே அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருந்தால் களிம்பு மட்டும் என்ன செய்யும்? நிகோட்டின் சூயிங்கம் மென்று நான்கு மாதத்தில் அதையும் விட்டேன்.

கல்லீரல் சீரானதும் மருத்துவரே மாத்திரையை மீண்டும் தொடங்கினார். இப்போது முழங்கையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் சிவப்பு இருக்கிறது. அரைக்கைச் சட்டை போடுகிறேன்.