மாயாற்றுப் பாறுகளை ஷீட்டில் ஏற்றுவது எப்படி?

காட்டுயிர்ப் பட்டியல் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவோம்: விலங்கின் பெயர், பக்கத்தில் வாழிடம், அதற்குப் பக்கத்தில் அதன் வேலை. நானும் அப்படித்தான் போட்டேன். நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கின் வெண்முதுகுப் பாறு, அதாவது பிணம் தின்னும் கழுகு, வந்ததும் திணறிவிட்டேன். கூடு ஆற்றோர நீர்மருதில். இரை தேடுவதோ மேட்டு முட்புதர்க்காட்டில். ‘வாழிடம்’ என்ற ஒரே கட்டத்தில் எதை எழுதுவது? காற்புள்ளி போட்டு இரண்டையும் திணித்தால் அப்புறம் ஃபில்டர் சரியாக வேலை செய்யாது.

சரி, கூகுள் ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள்.

படி 1: ‘உயிரினங்கள்’, ‘இடங்கள்’ என்று இரண்டு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். உ1 வெண்முதுகுப் பாறு, உ2 கருங்கழுத்துப் பாறு, உ3 புலி, உ4 கடமான், உ5 கழுதைப்புலி, உ6 மாடு. இ1 ஆற்றோரக் காடு, இ2 செங்குத்துப் பாறை, இ3 முட்புதர்க்காடு. மாடு எதற்கு என்கிறீர்களா? வருகிறேன்.

படி 2: ‘வாழ்தல்’ என்று மூன்றாவது தாள்.

உ1 – இ1 – கூடு
உ1 – இ3 – இரை
உ2 – இ2 – கூடு
உ2 – இ3 – இரை

உயிர் எல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டு பாறுகளும் ஒரே காட்டில் இரை தேடினாலும் கூடு வைப்பது வேறு வேறு இடத்தில். ஆற்றோர மரங்கள் போனால் யார் கூடு இழப்பார்கள் என்பதை இ1-ஐ ஃபில்டர் செய்தாலே பார்த்துவிடலாம்.

படி 4-க்கும் அடித்தளம் அடுத்த தாள்தான், அதனால் நிதானமாகப் போடுங்கள்.

படி 3: ‘உறவுகள்’. யார், என்ன செய்கிறது, யாரை.

உ3 – கொல்கிறது – உ4
உ1 – பிணம் தின்கிறது – உ4
உ1 – பிணம் தின்கிறது – உ6

இரண்டையும் ‘தின்கிறது’ என்று ஒன்றாக்கிவிடாதீர்கள். புலியால் உயிருள்ள மான் ஒன்று குறைகிறது, பாறால் குறைவதில்லை. ‘துப்புரவாளர்’, ‘வேட்டையாடி’ என்று தனிக் கட்டமும் வேண்டாம். கழுதைப்புலி வேட்டையும் ஆடும், பிணமும் தின்னும். அதற்கு இரண்டு வரிசை போட்டால் வேலை தானாகத் தெரியும்.

படி 4: ‘உறவுகள்’ தாளில் ‘எது கூட வருகிறது’ என்று ஒரு கட்டம் சேருங்கள். வலிக்காக மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போட்டு, அது செத்து, பாறு தின்றால் பாறின் சிறுநீரகம் பழுதாகும். இந்தியாவில் 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது இதனால்தான். ஆகவே உ1–உ6 வரிசையில் ‘டைக்ளோஃபினாக் இருக்கலாம்’ என்று எழுதுங்கள். புலி அடித்துப் போட்ட கடமான் வரிசையில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.