முதன்முறை நுவரெலியா போகும் குடும்பம் பையில் கட்டவேண்டிய உடுப்பு

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ முதல் தடவையாக மலைநாட்டுக்குக் கிளம்பும் வீடுகளில் ஆளுக்கொரு தடித்த சுவெட்டர் வாங்குவார்கள், மற்றதெல்லாம் வழமையான உடுப்பாக இருக்கும். நானுஓயா ஸ்டேஷனில் மத்தியான வெயிலில் இறங்கும்போது அது போதும் போலத்தான் தெரியும். அடுத்த நாள் தூறலில் அந்த ஒரு சுவெட்டர் நனைந்த பிறகு மாற்றிப் போட ஒன்றும் இருக்காது. நுவரெலியாக் குளிர் ஈரக் குளிர். மூடுபனி, தூறல், ஏற்றத்தில் வரும் வியர்வை மூன்றும் உடுப்பை நனைக்கும், நனைந்தது அங்கே இலேசில் காயாது. தடிப்பாக என்ன கொண்டுபோவது என்பதைவிட, உடம்போடு ஒட்டும் துணியை எப்படி உலர்வாக வைத்திருப்பது என்று யோசித்தே பையைக் கட்டவேண்டும்.

போகும் இடத்தின் குளிரைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 0.6 பாகை இறங்கும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது, எனவே கடற்கரை ஊரைவிட 11, 12 பாகை குறைவு. பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீற்றர்தான், அங்கே மாலையில் ஒரு மெல்லிய ஜெர்சி போதும். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனி படிவதுண்டு. அதே நாள் மத்தியானம் ஜக்கெட்டைக் கழற்றவேண்டி வரும். ஒரே நாளுக்குள் இவ்வளவு மாறுவதால், ஒரு பெரிய கம்பளிக் கோட்டைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. வேண்டும்போது ஒன்றைக் கழற்றலாம், நனைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம்.

உள் அடுக்குக்குப் பருத்திப் பெனியன் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஏறும்போது தெரியாது, நின்றவுடன் அந்த ஈரம் முதுகில் ஒட்டி நடுக்கம் எடுக்கும். பிள்ளைகள் விளையாட்டுப் போட்டிக்குப் போடும் பொலியெஸ்டர் ரீசேர்ட் இருந்தால் அதுவே உள் அடுக்கு, புதிதாக வாங்கத் தேவையில்லை. நடு அடுக்கு சூட்டைப் பிடித்து வைக்க: பிளீஸ் (பஞ்சுபோல் மென்மையான செயற்கைத் துணி) ஜக்கெட் அல்லது உண்மையான கம்பளிச் சுவெட்டர். கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூடு தரும், ஆனால் காய நேரமெடுக்கும். பிளீஸ் உதறிப் போட்டால் சீக்கிரம் காயும். சின்னப் பிள்ளைகளுக்கு பிளீஸ்தான் எங்கள் தெரிவு. முன்பக்கம் சிப் வைத்ததாக எடுங்கள். தலைவழியாக மாட்டும் சுவெட்டரை ஓடும் வானுக்குள் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போட்டுக் கழற்றுவது பெரும்பாடு.

வெளி அடுக்கில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மழைக்கோட் என்று விற்பதெல்லாம் தண்ணீரைத் தாங்காது. வீட்டிலேயே சோதித்துவிடலாம். கோட்டின் தோள்பட்டைத் தையலுக்கு அடியில் பழைய பத்திரிகைத் தாளை வைத்து, மேலே ஒரு கோப்பைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, தாளைத் தொட்டுப் பாருங்கள். துணி தாங்கினாலும் தையல் ஓட்டை வழியாக இறங்கியிருக்கும். தையலின் உட்பக்கம் பட்டையான நாடா ஒட்டிய கோட் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறும். அளவு பார்க்கும்போது மற்ற இரண்டு அடுக்கையும் போட்டு, அதற்கு மேல் கோட்டை மாட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் ஓர் அளவு பெரியது வேண்டும். குடையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்று சொல்லும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் கீழிருந்து அடிக்கும் காற்றுக்கு முன்னால் குடை நிற்காது.

இடுப்புக்குக் கீழே நனைவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு என்ற தடித்த விரிப்பைக் கட்டிக்கொண்டு மலைக்குள் இறங்குவது சும்மா அல்ல. மழை பெய்யாத காலையிலும் செடியில் நிற்கும் பனித்தண்ணீர் தொடைவரை நனைத்துவிடும். ஜீன்ஸ் இதற்கு மிக மோசம்: நனைந்தால் கனக்கும், தொடையில் உரசிப் புண்ணாக்கும், அறையில் இரண்டு நாள் தொங்கினாலும் இடுப்புப் பட்டி ஈரமாகவே இருக்கும். ட்ரக் பொட்டம் வகைக் காற்சட்டை ஆளுக்கு இரண்டு கொண்டுபோங்கள். பெரியவர்களில் ஒருவருக்காவது மேலே மாட்டும் மழைக் காற்சட்டை இருப்பது நல்லது. சாரமும் நைட்டியும் அறைக்குள் மட்டும்.

புதுச் சப்பாத்து வாங்கினால் பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பே வாங்கி, வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடக்கவேண்டும். மாலையில், தடித்த சொக்ஸோடு அளவு பாருங்கள். காலை முன்னுக்குத் தள்ளியபின் குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழையவேண்டும். இறக்கத்தில் விரல்கள் முன்னுக்கு இடிபட்டு நகம் கறுக்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, கணுக்கால் பக்கத்து லேஸை மட்டும் இறுக்கிக் கட்டினால் கால் வழுக்காது. குளிருக்கென்று இரண்டு சொக்ஸைத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும். தடித்தது ஒன்று போதும், ஆனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு சோடி வேண்டும். மழைக்காலத்தில் தேயிலை மலைகளிலும் காட்டு ஒற்றையடிப் பாதைகளிலும் அட்டை ஏறும். காற்சட்டை நுனியை சொக்ஸுக்குள் செருகி, சொக்ஸின் மேல் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். சீதாஎலிய அம்மன் கோயிலில் சப்பாத்தைக் கழற்றவேண்டும், அதற்குச் செருப்பு ஒன்று வானில் கிடக்கட்டும்.

மூன்று இரவுக்கு ஆளுக்கு உள் அடுக்கு நான்கு, நடு அடுக்கு இரண்டு, வெளிக்கோட் ஒன்று, காதை மூடும் தொப்பி ஒன்று, கழுத்துக்கு மப்ளர், ஒரு சோடி கையுறை, படுக்கைக்கென்றே தனியாக ஒரு முழுக்கை உடுப்பு. பகலில் போட்டதோடு போர்வைக்குள் போகவிடாதீர்கள், அதில் வியர்வை ஈரம் இருக்கும். பிள்ளைகளுக்கு நடு அடுக்கும் கையுறையும் ஒன்று கூடுதலாக வையுங்கள். ஒரு கையுறை எப்படியும் எங்காவது தொலையும்.

நடக்கும் பிள்ளைக்கும் தூக்கிச் செல்லும் பிள்ளைக்கும் ஒரே உடுப்பு சரிவராது. நடப்பவனுக்கு உடம்பு தானாகச் சூடேறும். அப்பாவின் முதுகில் இருப்பவனுக்கு அசைவே இல்லை, அவனுக்கு ஓர் அடுக்கு கூட வேண்டும். கையைத் தொட்டுக் குளிரை முடிவுசெய்யாதீர்கள், குழந்தையின் கை சும்மாவே குளிர்ந்திருக்கும். பிடரிக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள்: இளஞ்சூடாக இருந்தால் சரி, ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றவேண்டும். கைக்குழந்தையைத் தூங்க வைக்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

சிவனொளிபாதமலை ஏறுவதானால் அதற்குத் தனிப் பை. மார்கழிப் போயாவிலிருந்து வைகாசிப் போயா வரை பருவகாலம். நல்லதண்ணியிலிருந்து ஏறக்குறைய 5,500 படி, உச்சி 2,243 மீற்றர். சூரிய உதயத்துக்காக நள்ளிரவு தாண்டி ஏறுகிறவர்கள் அடிவாரத்திலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வார்கள், அரை மணி நேரத்தில் உள்ளே நனைந்துவிடும். புறப்படும்போது கொஞ்சம் குளிரட்டும், உள் அடுக்கும் மெல்லிய கோட்டும் போதும். நடு அடுக்கு, தொப்பி, கையுறை, மாற்ற ஒரு காய்ந்த ரீசேர்ட், ஒரு சோடி சொக்ஸ் எல்லாம் பையில் பத்திரமாகக் கட்டியிருக்கவேண்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே கடைசித் தேநீர்க் கடைகளில் ஒதுங்கி ரீசேர்ட்டை மாற்றிவிட்டு, அதற்கு மேல் நடு அடுக்கைப் போடுங்கள். உச்சியில் விடியும்வரை காற்றில் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள், சப்பாத்தையும் கழற்றியிருப்பீர்கள்.

மாற்று உடுப்பை எதில் கட்டுவது என்றும் பார்க்கவேண்டும். ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து மெல்லிய பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பை ஒன்று வாங்கினால் அங்கேயும் சிவனொளிபாதமலையிலும் உதவும்.

அறைக்கு வந்ததும் நனைந்த சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை மாற்றினால் காலைக்குள் போடக்கூடிய அளவுக்குக் காயும். உடுப்பைத் துவாய்க்குள் சுற்றி, கயிறு போல் முறுக்கி, பிறகு காற்றுப் படும் இடத்தில் விரித்துப் போடுங்கள். காயவைக்கவோ குளிர்காயவோ கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். அதன் நச்சு வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். ஏதாவது மறந்து வந்திருந்தால் நுவரெலியா நகரத்து உடுப்புச் சந்தையான பேல் பஜாரில் ஜக்கெட்டும் சுவெட்டரும் குவிந்திருக்கும். சிப்பை மேலும் கீழும் மூன்று தடவை இழுத்துப் பார்த்து, தையலைப் புரட்டிப் பார்த்து, பிள்ளைக்கு அங்கேயே போட்டுக் கையைத் தூக்கச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.