பாய்ப்படகில் குடியிருப்பவரின் காலை வேலைகள்

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக் கரையில் கயிற்றால் கட்டி நிறுத்தியிருக்கும் என் பாய்ப்படகில், எழுந்தவுடன் அடித்தளப் பலகையைத் தூக்கிப் பார்ப்பேன். தண்ணீர் நின்றால் விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். (டீசல் மணந்தால் வேண்டாம்.) உவர்த்தால் கடல் உள்ளே வருகிறது: சுக்கான் தண்டு, இயந்திரத் தண்டு, கடல்நீர் வால்வுகள் என ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். உவர்க்காவிட்டால் மழைநீர், அல்லது குடிதண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. கரைக்குப் போகும்போது வால்வுகளை மூடாமல் போகவே கூடாது. ஒருமுறை மறந்துபோய்த் திரும்பியபோது என் படுக்கை நனைந்து கிடந்தது.

தீவுகளில் நல்ல தண்ணீர் அருமை. வாளி வாளியாக ஊற்றாமல், ஈரத்துணியால் கப்பிகளின் உப்பைத் துடையுங்கள். அடியில் உள்ள துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அது கரைவதால்தான் படகைத் தள்ளும் சுழல்விசிறி அரிக்கப்படாமல் தப்புகிறது.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கடலோடிகளின் மண்ணில் ஒரு படகு கவனிப்பாரற்று உக்குவதை என்னால் பொறுக்க முடியாது.

பாயை வெயிலில் விடாமல் உறையிட்டு மூடுங்கள். தையல் நூல்தான் முதலில் உக்கும். வாடைக்காற்று தொடங்குமுன், கட்டுக்கயிறு கல்லில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைச் செருகி, இரட்டைக் கயிறாகக் கட்டுங்கள்.