செத்துக் கிடக்கும் பறவை எது? முதலில் காலைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானின் (குடியிருப்பின்) பின்வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். ஒரு நாள் காலை அந்த வேலியோரம் ஒரு பறவை செத்துக் கிடந்தது. பழுப்பு உடம்பு, அதில் வெள்ளைப் புள்ளியும் வரியும். பார்த்ததுமே "பருந்துக் குஞ்சு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணனும் ஆமாம் போட்டார். குச்சியால் காலைப் புரட்டிய பிறகுதான் விழித்தேன். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். பருந்துக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று; நகம் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். கிடந்தது பெண் குயில். ஆண் குயில் கறுப்பு என்பதால் பெண்ணும் கறுப்பாகத்தான் இருக்கும் என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறேன்.

குயில் இங்கே அதிசயமும் இல்லை. காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காக 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காக்கைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். காக்கைக் கூடு இருந்தால் குயிலுக்குப் போதும், முட்டையிட இடம் கிடைத்துவிடும்.

பெரும்பாலோர் சறுக்குவது நிறத்தில்தான். உயிர் போனதும் கண்ணின் நிறம் மங்கும், அலகும் காலும் வெளுக்கும். மழையில் நனைந்த இறகு வேறு பறவையுடையது போலத் தெரியும். மீன்கொத்தியின் நீலம் சாயமே இல்லை, இறகின் அமைப்பில் ஒளி சிதறி வரும் நிறம். அதே இறகை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பழுப்பாகிவிடும். அப்படிப் படம் எடுத்துக் கேட்டால் யார் சரியாகச் சொல்வார்கள்?

பச்சையாக இருந்தால் கிளி என்பதும் இதே வகைத் தவறு. கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே கிடந்தால் மரகதப்புறாவாக இருக்கலாம். தமிழ்நாட்டின் மாநிலப் பறவை அது, நம் பக்கமும் உண்டு, கண்ணாடியில் மோதிச் சாவதும் வழக்கம். சந்தேகம் வந்தால் மறுபடி கால்தான்: கிளிக்கு இரண்டுக்கு இரண்டு, புறாவுக்கு மூன்றுக்கு ஒன்று. கால் நீண்டு, வால் மொட்டையாக இருந்தால் பிட்டா என்ற பறவையை நினையுங்கள். வலசை வரும் மாதங்களில் இரவில் பறக்கும்போது விளக்கு எரியும் கட்டடங்களில் அவை மோதிக்கொள்ளும்.

எலும்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அலகின் நீளத்தை நம்பாதீர்கள். மேலே உள்ள கொம்புறை (கொம்பு போன்ற உறை) கழன்றுவிட்டால் அலகு குட்டையாகிவிடும். நகமும் அப்படியே. நம் ஊர் எறும்புக்கு இந்த வேலை ரொம்ப நாள் எடுக்காது. ஆனால் எலும்பின் முனை கத்தியால் வெட்டியது போல் நேராக இருந்தால் அது யார் வீட்டுக் கோழிக் குழம்போ!

சிலது செத்த பறவையே கிடையாது. எலிக்காகத் தோட்டத்தில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்களே, அதன் அடியில் கறுப்பாக உருண்டைகள் கிடக்கும். கூகை எலியை விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் துப்பியது அது. உள்ளே மஞ்சள் பல் இருந்தால் எலி. இறகுக் குவியலும் சாவுக்குச் சாட்சி இல்லை. பயந்த புறா கொத்தாக இறகை உதிர்த்துவிட்டுத் தப்பிவிடும். இறகின் தண்டு முழுசாக இருந்தால் பிடுங்கியது பருந்து வகை, கடித்து ஒடிந்திருந்தால் பூனை அல்லது மூசாங் என்னும் மரநாய்.

வெறுங்கையால் தொடாதீர்கள். 2004இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். காயமே இல்லாமல் கூகை செத்திருந்தால் எலி விஷமும் காரணமாக இருக்கலாம், நாயைப் பக்கத்தில் விடாதீர்கள். இறகு அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப் போவதும் சரியில்லை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் உறுப்புகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்துச் செயலியில் போட்டால் அதுவும் உளறும். முதுகு, வயிறு, விரித்த இறக்கை, பக்கவாட்டில் அலகு, பாதம் என்று தனித்தனியாக எடுங்கள். பக்கத்தில் 50 காசு ஒன்றை வைத்தால் அளவும் தெரியும். காலைப் படம் எடுக்கும்போது வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பந்தயப் புறாவாகவோ, பாட்டுப் போட்டிக்கு யாரோ வளர்த்த மெர்போக் என்ற சின்னப் புறாவாகவோ இருக்கக்கூடும். எண் தெரிகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள், வளர்த்தவர் இன்னும் கூண்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்.